மேலாளர்களை நியமிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவன உரிமையாளர்களுக்கும், இயக்குநர்களுக்கும், பதவி உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற எல்லோருக்கும்,

வணக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கி ஒரு கவரைக் கொடுத்தார்கள். பராமரிப்புப் பிரிவில் எட்டு வருடமாக இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த நான், திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பிரிவின் மேலாளர். கடிதம் இரண்டு பக்கம். ‘பொறுப்புகள்’ என்ற தலைப்பின் கீழ் 23 வரிகள். இயந்திரம் நிற்கக் கூடாது, செலவு ஏறக் கூடாது, விபத்து நடக்கக் கூடாது, ஆட்கள் வேலையை விட்டுப் போகக் கூடாது. எல்லாம் நியாயமானவைதான். ஆனால் எதை நானே முடிவு செய்யலாம் என்று ஒரு வரிகூட இல்லை.

அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவன் கடிதத்தில் என்ன இல்லை என்றா தேடுவான்? மூன்றாவது வாரம்தான் புரிந்தது. ஒரு பேரிங் மாற்ற வேண்டியிருந்தது. வாங்குவதற்கு என் கையெழுத்து செல்லாது. என் ஆட்களில் ஒருவர் மூன்று நாள் விடுப்புக் கேட்டார். இரண்டு நாளுக்கு மேல் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. என் பிரிவுக்குப் புதிதாக ஆள் எடுத்தார்கள். அவர் வந்து என் மேசை முன்னால் நின்றபோதுதான் எனக்கே தெரியும். இயந்திரம் நின்றால் மட்டும் போன் நேராக எனக்கு வந்துவிடும்.

பதினான்கு வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன். இப்போது இல்லை. பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள இதை எழுதவில்லை. அதே கவர் இந்த வாரமும் யாரோ ஒருவர் கைக்குப் போகும், அதில் கையெழுத்துப் போடப் போகிறவர் நீங்கள் என்பதால் எழுதுகிறேன். மேலாளர் என்ற பட்டத்தைத் தாராளமாகக் கொடுக்கிறீர்கள். அந்த வேலையைச் செய்யத் தேவையானதை மட்டும் உங்கள் மேசை டிராயரிலேயே வைத்துக்கொள்கிறீர்கள்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் 1916-இலேயே எழுதிவைத்துவிட்டார். அவர் பேராசிரியர் இல்லை. திவாலாகும் நிலையில் இருந்த சுரங்க, உருக்கு நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறுப்பை 1888-இல் ஏற்றவர். முப்பது வருடம் நடத்திவிட்டு 1918-இல் ஓய்வு பெற்றபோது அது நல்ல நிலையில் இருந்தது. அந்த அனுபவத்திலிருந்து நிர்வாகத்துக்கு 14 கொள்கைகளைச் சொன்னார். இவை கல்லில் வெட்டியவை அல்ல, இடத்துக்குத் தகுந்தபடி வளைய வேண்டியவை என்றும் கூடவே சொன்னார். அந்தப் பட்டியலில் இரண்டாவது: அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். அதிகாரம் இருந்து பொறுப்பு இல்லாதவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், சர்வாதிகாரி என்கிறோம். பொறுப்பு இருந்து அதிகாரம் இல்லாதவருக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. நடு மட்டத்தில் இருப்பவர்களில் பலர் அவர்கள்தான்.

‘அதிகாரத்தைக் கொடுத்தால் தப்பாகப் பயன்படுத்துவார்களே’ என்பீர்கள். சிலர் செய்வார்கள்தான். ஆனால் கொடுக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. பேரிங் வர ஒன்பது நாள் ஆனபோது என் ஆட்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் தெரியுமா? இந்த ஆளிடம் கேட்டுப் பயனில்லை என்று. அடுத்த முறை என்னைத் தாண்டி மேலே போனார்கள். அவர்கள் மேல் தவறே இல்லை. செஸ்டர் பர்னார்ட் பேராசிரியராக இருந்தவர் இல்லை, ஒரு தொலைபேசி நிறுவனத்தின் தலைவர். அவர் 1938-இல் சொன்னதுதான் நடந்தது. அதிகாரம் என்பது உத்தரவு போடுகிறவரிடம் இருப்பதில்லை, அந்த உத்தரவை ஏற்றுக்கொள்கிறவரிடம் இருக்கிறது என்றார் அவர். ஒரு பேரிங்கைக்கூட வரவழைக்க முடியாதவன் பேச்சை யார் ஏற்பார்கள்?

சரி, ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள்? பிரிவிலேயே நன்றாகப் பழுது பார்க்கிறவன் நான் என்பதால். எல்லா இடத்திலும் இப்படித்தான். நன்றாக விற்பவர் விற்பனை மேலாளர், நன்றாக நிரல் எழுதுபவர் குழுத் தலைவர், நன்றாகப் பாடம் நடத்துபவர் முதல்வர். ஒருவர் தன்னால் முடியாத படி வரும்வரை ஏறிக்கொண்டே இருப்பார், அங்கேயே தங்கிவிடுவார் என்று 1969-இல் லாரன்ஸ் பீட்டர் என்ற கல்வியாளர் பாதிக் கிண்டலாகச் சொன்னார். அது வெறும் கிண்டல் இல்லை. பல நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களை வைத்துப் பொருளியல் ஆய்வாளர்கள் மூன்று பேர் 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதிகம் விற்றவர்களுக்குத்தான் பதவி உயர்வு அதிகம் கிடைத்தது. ஆனால் அப்படி உயர்ந்தவர்களின் கீழ் வந்தவர்களின் விற்பனை குறைந்தது. நிறுவனத்துக்கு இரட்டை நஷ்டம்: நல்ல விற்பனையாளர் ஒருவர் போனார், நல்ல மேலாளரும் கிடைக்கவில்லை.

என் கதையும் அதேதான். மேலாளரான முதல் இரண்டு வருடம் நான் செய்த பெரிய தப்பு, பழைய வேலையையே செய்துகொண்டிருந்தது. ராத்திரி இயந்திரம் நின்றால் நானே ஓடுவேன். ஸ்பேனரைக் கையில் எடுத்தால்தான் மனசுக்கு நிம்மதி. எல்லோரும் பாராட்டினார்கள், நீங்கள் உட்பட. ‘மேனேஜர் ஆகியும் கையில் கிரீஸ் ஒட்டுகிற ஆள்’ என்று ஒரு கூட்டத்தில் புகழ்ந்தார் ஒருவர். அந்தப் புகழ்ச்சிக்கு நடுவே என் கீழிருந்த பதினோரு பேரும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. கஷ்டமான பழுது வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நான் வரும்வரை நின்றார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்தேன். அவர்களுடைய வேலையை நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஃபயோலின் பெரிய ஆதங்கமே இதுதான். அவர் காலத்துப் பொறியியல் பள்ளிகளில் கணிதத்தை மூட்டை மூட்டையாகக் கற்றுக்கொடுத்தார்கள், நிர்வாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேலே போகப் போக ஒருவருக்குத் தொழில்நுட்பத் திறன் குறைவாகவும் நிர்வாகத் திறன் அதிகமாகவும் தேவைப்படும், அது பிறவியில் வருவதில்லை, கற்றுக்கொடுக்க முடியும் என்று வாதாடினார். நூறு வருடம் தாண்டிவிட்டது. ஒரு வெல்டரை வேலைக்கு வைக்கும் முன் சோதனைத் துண்டு ஒன்றை வெல்டிங் செய்யச் சொல்லிப் பார்க்கிறீர்கள். பதினோரு பேரின் வேலை நேரத்தை, விடுப்பை, சம்பள உயர்வை, சில சமயம் தூக்கத்தையும் ஒருவர் கையில் கொடுக்கும்போது எதையும் பார்ப்பதில்லை.

எத்தனை பேரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியும் என்பதும் ஒரு கேள்வி. கிரைகுனாஸ் என்ற நிர்வாக ஆலோசகர் 1933-இல் ஒரு கணக்குப் போட்டார். ஒரு மேலாளரின் கீழ் ஐந்து பேர் இருந்தால், ஒவ்வொருவரோடும் அவருக்கு இருக்கும் நேர் உறவுகள், அவர்களுக்குள்ளேயே இருக்கும் குறுக்கு உறவுகள், பலர் சேர்ந்திருக்கும்போது அவருக்கு வரும் கூட்டு உறவுகள் எல்லாம் சேர்த்து 100. இன்னும் ஒரே ஒரு ஆளைச் சேர்த்தால் 222. பன்னிரண்டு பேர் என்றால் 24,708! இதெல்லாம் காகிதக் கணக்கு, நிஜத்தில் இத்தனை உறவுகளும் தினமும் உயிரோடு இருப்பதில்லை. ஆனாலும் ‘ஏற்கெனவே பதினோரு பேர் இருக்கிறார்கள், கூட நாலு பேர்தானே’ என்று அடுத்த பிரிவையும் என் தலையில் கட்டியபோது ஏன் எல்லாமே சரிந்தது என்பதற்கு இந்தக் கணக்கில் ஒரு தடயம் இருக்கிறது.

அப்புறம் இரண்டு எஜமானர்கள். எனக்கு ஆலைத் தலைவர் ஒருவர், மத்தியப் பராமரிப்புத் துறைத் தலைவர் ஒருவர். முன்னவருக்கு இயந்திரம் ஓட வேண்டும், பின்னவருக்கு அட்டவணைப்படி நிறுத்திப் பராமரிக்க வேண்டும். இரண்டும் சரி. யார் சொல்வது இறுதி என்பதை மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை. ஒருவருக்கு ஒரே ஒருவர்தான் உத்தரவிட வேண்டும் என்பது ஃபயோலின் நாலாவது கொள்கை. இன்றைக்குப் பல நிறுவனங்கள் வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தலைமைகளை வைக்கின்றன. அதை நான் குறை சொல்ல மாட்டேன். சில வேலைகளுக்கு அது தேவை. ஆனால் இரண்டு பேர் இருக்கும் இடத்தில் தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தலைக்குத் தலை நாட்டாமைதான். நடுவில் இருக்கிறவன் காலையில் ஒருவரிடமும் மத்தியானம் இன்னொருவரிடமும் தலையாட்டப் பழகிவிடுவான். நான் பழகிவிட்டேன், பெருமையில்லை.

எண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் உங்களுக்கு எண்கள் மேல் ஒரு தனிப் பாசம். பாசத்தில் தப்பில்லை. அளக்காமல் ஒரு நிறுவனத்தை நடத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது. ஆனால் ஓர் அளவை எடுத்து அதன் மேல் இன்க்ரிமெண்டையும் வேலையையும் கட்டித் தொங்கவிட்ட நிமிடத்திலிருந்து அது அளவாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அமெரிக்க வங்கியான வெல்ஸ் ஃபார்கோ, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. கிளைகளில் இருந்தவர்கள் என்ன செய்வார்கள்? வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் அதற்காக வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் சுமார் 5,300 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் செய்தது தப்புதான். ஆனால் ஒரே நிறுவனத்தில் ஐயாயிரம் பேர் ஒரே மாதிரித் தப்புச் செய்தால், ஆட்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு இலக்கு வைத்தவரைப் பற்றிப் பேச வேண்டாமா?

தரக் கட்டுப்பாட்டு நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங்கின் கணிப்பு இன்னும் கடுமையானது. வேலையில் வரும் கோளாறுகளில் 94 சதவீதம் அமைப்பு முறையிலிருந்து வருகிறது, அதற்கு நிர்வாகம்தான் பொறுப்பு என்றார். அது அவருடைய அனுபவக் கணிப்பு. அந்த 94-ஐப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டை போட வேண்டாம். பாதி என்று வைத்துக்கொண்டால்கூட, நாம் நடத்தும் விசாரணைகளில் பாதி தப்பான ஆளை உட்கார வைத்து நடக்கிறது. ஆண்டுதோறும் ஆட்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் வழக்கத்தையே ஒழிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். என் அப்ரைசல் படிவங்களில் ‘குழுவாக வேலை செய்யும் திறன்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதே படிவத்தின் அடியில், குழுவில் ஒருவரைக் கண்டிப்பாகக் கடைசி இடத்தில் போட வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஒரே தாளில்!

இனிச் சொல்லப் போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

நான் மேலாளராகி ஐந்தாவது வருடம். ராத்திரி ஷிஃப்ட் முடித்த ஒரு பையன் என் அறைக்கு வந்தான். “சார், மூணாம் நம்பர் கியர்பாக்ஸ்ல ஒரு சத்தம் வருது” என்றான். என்ன சத்தம், எப்போது வருகிறது என்று அவனுக்கு விளக்கத் தெரியவில்லை. எனக்கு அன்றைக்குக் கூட்டம், கையில் பாதி முடிந்த அறிக்கை. அதற்கு முந்தின மாதம்தான் நீங்கள் அனுப்பிய இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். அங்கே கற்றுக்கொண்ட வாசகத்தை அப்படியே சொன்னேன்: “பிரச்சினையைக் கொண்டு வராதப்பா, தீர்வைக் கொண்டு வா.” அவனிடம் தீர்வு இல்லை. இருந்திருந்தால் என்னிடம் ஏன் வருகிறான்? தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். இருபது நாள் கழித்து அந்த கியர்பாக்ஸில் பற்கள் உடைந்தன. நாலு நாள் உற்பத்தி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

விசாரணையில் அவனையும் கூப்பிட்டார்கள். ‘முன்பே சொன்னேன்’ என்று அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தின வருடம், ‘என் கவனக்குறைவுதான்’ என்று நேர்மையாக ஒப்புக்கொண்ட ஒரு மேற்பார்வையாளரின் இன்க்ரிமெண்ட் நின்றது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தவருக்கு அடி, மூடியவருக்கு ஒன்றுமில்லை என்பதை எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமலே கற்றுக்கொண்டிருந்தோம். என் கோழைத்தனத்துக்கு அது சாக்கு இல்லை. ஆனால் அதற்கு உரம் போட்டு வளர்த்தது யார் என்பதையும் எழுதாமல் விடக் கூடாது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கையில் கிடைத்த எண்கள் தலைகீழாக இருந்தன: நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது விளங்கியது. அங்கே தவறுகள் அதிகம் நடக்கவில்லை, அதிகம் சொல்லப்பட்டன. மற்ற இடங்களில் பயத்தில் மறைத்தார்கள். இதைப் படித்த பிறகு என் பழைய அறிக்கைகளை நினைத்துப் பார்த்தேன். ‘இந்த மாதம் குறைபாடு எதுவும் இல்லை’ என்று நான் பெருமையாக அனுப்பிய மாதங்களில் எத்தனை சத்தங்கள் கேட்காமல் போயினவோ.

இது கியர்பாக்ஸோடு நிற்கிற விஷயமும் இல்லை. 1986 ஜனவரி 27 ராத்திரி, அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் மறுநாள் ஏவப்படவிருந்தது. அதன் ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் தாங்காது, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (சுமார் 12 டிகிரி செல்சியஸ்) கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். விண்வெளி நிறுவனமான நாசாவோடு தொலைபேசியில் நீண்ட வாக்குவாதம். நடுவில் ராக்கெட் நிறுவனத்தின் அதிகாரிகள் தங்களுக்குள் தனியாகப் பேசினார்கள். அப்போது மேலதிகாரி ஒருவர் பொறியியல் பிரிவின் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவரும் போட்டுக்கொண்டார். மறுநாள் ஏவிய 73 விநாடிகளில் கலம் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். அந்த அறையில் தகவல் இல்லாமல் இல்லை. தகவல் தெரிந்தவரின் பேச்சை ஒதுக்கிவிடுவதுதான் நிர்வாகம் என்று ஒருவர் நினைத்தார், இன்னொருவர் ஒப்புக்கொண்டார்.

இதற்கு நேர் எதிரான பழக்கம் ஒன்றும் உலகத்தில் இருக்கிறது. டொயோட்டா ஆலைகளில் அசெம்பிளி வரிசையை ஒட்டிப் பல காலம் ஒரு கயிறு ஓடியது, இப்போது பல இடங்களில் அதற்குப் பதில் பொத்தான். கோளாறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம், பொத்தானை அழுத்தலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசை நின்றுவிடும். வந்தவர் ‘ஏன் இழுத்தாய்’ என்று சீறினால் அடுத்த முறை யாரும் இழுக்க மாட்டார்கள், கயிறு வெறும் அலங்காரமாகிவிடும். கயிற்றைப் பார்த்துவிட்டு வந்து தங்கள் ஆலையிலும் ஒன்றைக் கட்டி, இழுத்தவரைத் திட்டித் தீர்த்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கோட்பாடுகள் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் நடத்தும் பயிற்சிகளில் இதில் முக்கால்வாசியைத் திரையில் போட்டுக் காட்டுகிறீர்கள். திங்கட்கிழமை காலையில் கொள்முதல் படிவமும் விடுப்புப் படிவமும் அப்ரைசல் படிவமும் வேறு பாடத்தை நடத்துகின்றன. ஆட்கள் படிவத்தைத்தான் நம்புவார்கள். நானும் அதைத்தான் நம்பினேன்.

என் கடைசி வருடத்தில் என் இடத்துக்கு ஒருவரைப் பரிந்துரைக்கச் சொன்னீர்கள். என் பிரிவில் இருந்த ஒரு பெண்ணைச் சொன்னேன். பழுது பார்ப்பதில் அவர் முதல் ஆள் இல்லை, மூன்றாவது அல்லது நாலாவது. ஆனால் புதிதாக வந்தவர்கள் சந்தேகம் கேட்க அவரிடம்தான் போனார்கள். ராத்திரி நடந்ததைக் காலையில் ஒளிக்காமல் சொல்வார், தன் தப்பையும் சேர்த்து. கடிதத்தின் நகலை எனக்குக் காட்டினீர்கள். பொறுப்புகள் இப்போது 31 வரிகளாகியிருந்தன. நான் மூன்றாவது பக்கம் ஒன்றைத் தட்டச்சு செய்து சேர்த்தேன். யாரையும் கேட்காமல் அவரே முடிவு செய்யக்கூடியவை என்று நாலே வரிகள்: ஒரு வரம்புக்கு உட்பட்டு உதிரி பாகம் வாங்குவது, ஒரு வாரம் வரை விடுப்புக் கொடுப்பது, தன் பிரிவுக்கு வரும் ஆளை நேர்காணலில் வேண்டாம் என்று சொல்வது, ஆபத்து என்று தோன்றினால் இயந்திரத்தை நிறுத்துவது.

பத்து நாளில் அந்தப் பக்கம் திரும்பி வந்தது. மூன்று வரிகளுக்குப் பக்கத்தில் டிக் போட்டிருந்தீர்கள், அதற்கு இன்றும் நன்றி. நாலாவது வரியின் மேல் நீல மையில் ஒரு கோடு. ஓரத்தில் ‘ஆலைத் தலைவரின் ஒப்புதல் பெற்று’ என்று எழுதியிருந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு அவர் ஒரு சத்தத்தைக் கேட்டால் முதலில் யாரை எழுப்ப வேண்டும் என்பதை மட்டுமாவது அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பதினான்கு வருடம் மேலாளராக இருந்த ஒருவர்